தோத்த ஆட்டம் அந்தப் பாப்பாவோடது, அவகிட்டயே விடுங்க

ஞாயித்துக்கிழமை செஸ் டோர்னமெண்ட் ஹாலுக்கு வெளியில, தோத்துட்டு வந்த பொண்ணுகிட்ட அவ அப்பா நடந்துக்கிட்டதப் பத்தி நாலு வரி போட்டதுக்கே இத்தனை பேருக்கு கோவம் வரும்னு நினைக்கல. வீடியோ எல்லா பேரண்ட்ஸ் குரூப்லயும் சுத்திடுச்சு, முழுக்கதையையும் திரும்ப எழுதப் போறதில்ல. ஆனா கமெண்ட்ல பாதிப்பேர் "அவர் அடிக்கலையே, ஃபோன்ல தப்பைத்தானே காட்டினார்"னு கேக்குறீங்க, அதுக்குத்தான் இந்த நீளப் பதிவு.

அடிக்கல, சரி. ஆட்டம் முடிஞ்சு வெளிய வந்த பொண்ணு தண்ணி கூட குடிக்கல, அவ கையில இருந்த, மூவெல்லாம் எழுதின ஸ்கோர் ஷீட்டை வாங்கி, ஒவ்வொரு மூவா ஃபோன்ல தட்டி, ஸ்டாக்ஃபிஷ் (மூவை எடைபோடுற செஸ் என்ஜின்) யார் பக்கம் எவ்வளவு மேலன்னு காட்டுற நம்பரை அவ மூஞ்சிக்கு நேரா நீட்டி "இங்க ப்ளஸ் மூணு, அடுத்த மூவ்ல மைனஸ் நாலு, பாத்தியா"ன்னு கேட்டார். அவ தலையாட்டினா. எதுக்குத் தலையாட்டினா? புரிஞ்சதாலயா, அந்த எடத்தை விட்டுப் போனா போதும்னா? அந்த மூவ் ஆடும்போது அவ மனசுல என்ன இருந்துச்சுன்னு அங்க நின்ன ஒருத்தராவது கேட்டாங்களா?

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதாங்க. தோத்த ஆட்டத்தை முதல்ல தோத்தவங்க பாக்கணும். கோச் அப்புறம், என்ஜின் அப்புறம், அப்பா அம்மா அதுக்கும் அப்புறம். இந்த வரிசையை மாத்தினீங்கன்னா அந்தத் தோல்வில இருந்து பிள்ளை கத்துக்கறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது, எங்க திட்டு வாங்கினோம்ங்கறது மட்டும் ஞாபகம் இருக்கும்.

என்கிட்ட கத்துக்கற ஒரு பையன், 34வது மூவ்ல குதிரையை சும்மா விட்டுட்டு தோத்துட்டு வந்தான். என்ஜின்ல போட்டா 34வது மூவ்ல ரெண்டு கேள்விக்குறி (பெரிய தப்புன்னு அர்த்தம்), செவப்பு கலர், அவ்வளவுதான். நான் ஃபோனை எடுக்கல. போர்டை வச்சு, முதல் மூவ்ல இருந்து நீயே ஆடிக்காட்டு, ஒவ்வொரு எடத்துலயும் என்ன நினைச்சேன்னு மட்டும் சொல்லுன்னேன். 12வது மூவ் வந்ததும் பையன் நின்னுட்டான். ஸ்கோர் ஷீட்ல பக்கத்துலயே கடிகார நேரம் எழுதுற பழக்கம் அவனுக்கு உண்டு, பாத்தா அந்த ஒரு மூவுக்கு 25 நிமிஷம் போயிருக்கு. மந்திரியால எடுக்கறதா, சிப்பாயால எடுக்கறதா, அதான் கேள்வி. எதுல எடுத்தாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது. ஆனா எதிர்ல இருந்தவருக்கு ரேட்டிங் (ஆட்டத் திறமைக்குக் குடுக்குற நம்பர்) 1800, அவர் சும்மா ஆடியிருக்க மாட்டார், ஏதோ பொறி வச்சிருக்கார்னு தேடிக்கிட்டே உக்காந்திருக்கான். பொறியே இல்ல. அங்க போன நேரம் போனதுதான், 34வது மூவ் வரும்போது கடிகாரத்துல ஒரு நிமிஷம்கூட இல்ல, குதிரை போச்சு. இதுல முக்கியமானது என்னன்னா, 12வது மூவை என்ஜின் பச்சைல காட்டும்! ஏன்னா அவன் கடைசியா ஆடினது நல்ல மூவ்தான். போர்டுல எந்தக் காய் எங்க இருக்குங்கறது என்ஜினுக்குத் தெரியும், பையன் 1800ங்குற நம்பரைப் பாத்து பயந்தது அதுக்கு எப்படித் தெரியும்? அவன்தான் சொல்லணும். அவன் சொல்றதுக்கு நாம வாயை மூடிட்டு கேக்கணும்.

பெரிய ஆட்டத்துலயும் இதேதான். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்போட கடைசி 14வது ஆட்டம், ஆளுக்கு ஆறரை பாயிண்ட். அப்ப உலக சாம்பியனா இருந்த டிங் லிரென் 55வது மூவ்ல யானையை எஃப்2 கட்டத்துல வச்சார், பெரிய தப்பு, குகேஷ் யானையை வெட்டிட்டு மந்திரியையும் மாத்தி, ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சின எண்ட்கேம்ல (கடைசிக் கட்டத்துல) ஜெயிச்சு 18 வயசுல உலக சாம்பியன் ஆனார். எல்லாரும் அந்த ஒரு மூவைத்தான் ஷேர் பண்ணினீங்க. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே டிங் வெள்ளைக்காயை வச்சுக்கிட்டு ராணியை மாத்தி, ஒரு சிப்பாய் குறைவா ஒரு எண்ட்கேம்ல போய் உக்காந்துட்டாரே? ட்ரா ஆயிடும், டைபிரேக் (சமமா முடிஞ்சா ஆடுற வேகமான ஆட்டங்கள்) போயிடலாம்னு நினைச்சார்ங்கறதுதான் என் எண்ணம். மந்திரி மூலைல ஏ8ல கிடக்குது, மணிக்கணக்கா காப்பாத்திக்கிட்டே இருக்கணும், எதிர்ல விடவே விடாத ஒரு பையன். என்னைக் கேட்டா அந்த ஆட்டத்தோட தப்பு அங்க ஆரம்பிச்சுது. என்ஜின் 55வது மூவ் வரைக்கும் ஏறக்குறைய சமம்னுதான் காட்டிக்கிட்டு இருந்துச்சு.

இப்ப கமெண்ட்ல வந்தவங்களுக்கு.

"ஸ்ட்ரிக்டா இல்லாம குகேஷ் வந்திருப்பாரா"ன்னு ஒருத்தர். சரி, குகேஷையே எடுத்துக்கலாம். 2024 ஏப்ரல், டொரண்டோ கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனோட மோதப்போறது யாருன்னு முடிவு பண்ற போட்டி), 7வது ரவுண்டு, பிரான்ஸுக்கு ஆடுற ஃபிரூஸ்ஜாகிட்ட டைம் டிரபிள்ல, அதாவது கடிகாரத்துல நேரம் தீர்ந்துபோற நெருக்கடில, தோத்தார். அடுத்த நாள் ரெஸ்ட் டே. இந்தப் போட்டி எனக்கானதா இருக்கலாம்னு தோணினது அந்தத் தோல்விக்கு அப்புறம்தான்னு ஜெயிச்சப்புறம் அவரே சொன்னார். தோல்வியோட உக்கார ஒரு நாள் கிடைச்சுது அவருக்கு. நம்ம பிள்ளைங்களுக்கு அடுத்த ரவுண்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் கிடைக்குது, அதையும் ஹால் வாசல்லயே பிடுங்கிக்கறீங்க.

"என்ட்ரி ஃபீஸ், பஸ், ரூம், லீவு, எல்லாம் போட்டு கூட்டிட்டுப் போறோம்"னு இன்னொருத்தர். நிஜம்தான், நடுத்தரக் குடும்பத்துக்கு அது சின்ன காசில்ல. அது அந்தப் பொண்ணுக்கும் தெரியும். அதனாலதான் அவ உங்க மூஞ்சியைப் பாக்காம தரையைப் பாத்துட்டு நிக்கறா.

நான் டெக்னாலஜிக்கு எதிரியாம். இல்லங்க. நானும் என்ஜின்ல போட்டுத்தான் பாக்குறேன், மறுநாள், பிள்ளை தன் கணக்கை எழுதி முடிச்சப்புறம்.

"நீங்க என்ன கிராண்ட்மாஸ்டரா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார், அதுக்கு அம்பது லைக் வேற. இல்ல. எனக்கு எந்த டைட்டிலும் கிடையாது. அந்த லைக் போட்டவங்கள்ல எனக்குத் தெரிஞ்சவங்களும் இருக்கீங்க, உங்க பிள்ளைங்களுக்கு யானை எப்படி நகரும்னு சொல்லிக்கொடுத்தவ நான். வலிக்குது, மறைக்க விரும்பல.

எனக்கு இது யார் சொல்லிக்கொடுத்ததுன்னும் சொல்லிடறேன். சின்ன வயசுல எங்க ஊர் லைப்ரரி வராண்டால ஆடுவோம். ரயில்வேல ரிடையர் ஆன ஒரு தாத்தா வருவார், என்னை ஜெயிச்சுக்கிட்டே இருப்பார். ஆட்டம் முடிஞ்சதும் காயை டப்பால போட விடமாட்டார். "உனக்கு எந்த எடத்துல தோத்துட்டோம்னு தோணுச்சும்மா?"ன்னு கேப்பார். நான் ஒரு எடத்தைக் காட்டுவேன், அவர் அங்கிருந்து அஞ்சாறு மூவ் பின்னாடி போயி "இங்க என்ன பாத்த?"ன்னு கேப்பார். அப்புறம் இன்னொண்ணு சொல்வார், "நீ குதிரையை இங்க கொண்டு வந்தப்ப நான் பயந்துட்டேன், நீதான் விட்டுட்ட." தோத்த ஆட்டத்துல நான் எதிராளியைப் பயமுறுத்தின ஒரு எடம் இருந்துச்சுங்குறது! எந்த என்ஜின் இதைச் சொல்லும்? முன்னெல்லாம் டோர்னமெண்ட்லயும் ரெண்டு பேரும் வெளிய உக்காந்து இப்படி ஆட்டத்தைப் பிரிச்சுப் பாப்பாங்க. இப்ப கைகுடுத்ததும் ஆளுக்கொரு பேரண்ட் ஆளுக்கொரு மூலைக்கு இழுத்துட்டுப் போயிடறீங்க. எதிர்ல ஆடின பிள்ளை பேரு கூட நம்ம பிள்ளைக்குத் தெரியறதில்ல.

வீடியோவைப் பாத்து எனக்கு உண்மையில வயிறு எரிஞ்சது வேற காரணத்துக்கு. அது பொண்ணு. பையன் ரெண்டு டோர்னமெண்ட் தோத்தா கோச்சை மாத்தறீங்க. பொண்ணு தோத்தா "போதும்டா, பத்தாவது வருது, படிப்பைப் பாரு". என்கிட்ட இருந்து இப்படி நின்னு போன பொண்ணுங்க முகம் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. நல்லா ஆடுறவங்க. இந்தியால கிராண்ட்மாஸ்டருங்க 80ஐத் தாண்டியாச்சு, அதுல பொண்ணுங்க ஹம்பி, ஹரிகா, வைஷாலி, திவ்யான்னு விரல் விட்டு எண்ணிடலாம். திறமை இல்லாமயா? அதே 2024 டொரண்டோல பெண்கள் கேண்டிடேட்ஸ்ல நம்ம சென்னை வைஷாலி தொடர்ந்து நாலு ஆட்டம் தோத்தாங்க. நாலு! அந்த நாலாவது ஆட்டத்தோட ராத்திரி யாராவது ஃபோனை நீட்டி "மைனஸ் நாலு பாத்தியா"ன்னு நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்? கடைசி அஞ்சு ஆட்டத்தையும் வரிசையா ஜெயிச்சு இரண்டாவது இடத்தைப் பகிர்ந்துக்கிட்டாங்க.

நான் ஓவரா பேசறேன், அந்த அப்பாவுக்கும் பாசம் இருக்கும்னு சொல்றவங்களுக்கு: இருக்கும், நான் இல்லன்னு சொல்லல. அவர் இதைப் படிச்சார்னா ஒரே ஒரு வேண்டுகோள் சார், அந்த ஸ்கோர் ஷீட்டை அவகிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க. அவளே போர்டை எடுத்து வைக்கற வரைக்கும் அந்த ஆட்டத்தைப் பத்தி வீட்ல யாரும் பேச வேண்டாம்.

திட்டணும்னா என்னைத் திட்டுங்க, கமெண்ட் திறந்தே இருக்கு. அந்தப் பொண்ணு பேரையோ ஸ்கூலையோ யாராவது எழுதினா டெலீட் பண்ணிட்டு பிளாக் பண்ணுவேன். வீடியோவை இன்னும் குரூப்ல வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு எடுத்துடுங்க.