ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்

இங்கே மொரிசியஸில், எங்கள் சங்கம் சிறு வியாபாரிகளுக்காக வியாழக்கிழமை ரோஸ் ஹில்லில் வைத்த கூட்டத்துக்கு நடந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உங்களில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும், மீதிப் பேருக்கு வேறு விதமாகத் தெரியும். ஆனால் நேற்று ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "சின்னச் சங்கத்துக்கு இவ்வளவு ரோஷமா" என்று போட்டு, அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள் வந்து விழுந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு போன். "சென்னைப் பேச்சாளர் உங்கள் அழைப்பில் வருகிறாராமே, எங்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா?" இவ்வளவுதான். இதைக் கேட்க, பெரிய சங்கத்தார் கூட்டம் போடுகிற எபேனில் இருக்கிற அத்தனை கண்ணாடிக் கட்டடத்திலும் ஒருவருக்கும் வாய் வரவில்லையா?

இந்தியாவுக்குச் சரக்கு அனுப்புவது பற்றிப் பேச அவரைச் சென்னையிலிருந்து அழைத்தது எங்கள் சங்கம். டிக்கெட் போட்டது எங்கள் சங்கம். தங்க வைத்தது எங்கள் உறுப்பினர் ஒருவரின் வீட்டு மாடியில். வியாழன் மதியம் ஒன்றரை என்று குறித்ததும் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்ததல்ல. ரோஸ் ஹில் கடைத்தெருவில் வியாழக்கிழமை மதியத்தோடு கதவை இழுத்து மூடுவார்கள், கடைக்காரர்களுக்கு வேலை நாளில் கிடைக்கிற அரை நாள் அதுதான். கத்ர் போர்ன் சந்தையில் துணி விற்கிறவர்களுக்கு வியாழன் வியாபார நாள், அவர்களால் வர முடியாது. அதனால் வீட்டிலிருந்து யாரையாவது அனுப்புங்கள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். செயலாளர் வேலை என்றால் இதுதான், மேடையில் பூங்கொத்து கொடுப்பது இல்லை.

பெரிய சங்கத்தார் என்ன செய்தார்கள்? நேராக அவருக்கே மின்னஞ்சல் போட்டு, அதே வியாழன், பன்னிரண்டரைக்கு, ஓட்டலில் மதிய உணவுக் கூட்டம் என்று வைத்துவிட்டார்கள். "ஒரு மணி நேரம்தானே, எபேனுக்கும் ரோஸ் ஹில்லுக்கும் என்ன தூரம், மெட்ரோவில் ஏறினால்கூடப் போய்விடலாம்" என்று இப்போது விளக்கம். தூரம் இல்லைதான், யார் உண்டு என்றது? பன்னிரண்டரைக்கு என்று போட்ட விருந்தில் ஒன்றேகாலுக்கு சூப் வரும், ஒன்றரைக்குத் தலைவர் வரவேற்புரையை ஆரம்பிப்பார் என்பது இந்தத் தீவில் யாருக்குத் தெரியாது? அவர் எங்கள் கூடத்துக்குள் வந்தபோது மணி மூன்று இருபது. கோட்டைக் கழற்றிக்கொண்டே "மன்னிக்கணும்மா, உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்" என்றார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அன்று ராத்திரியே அவருக்கு விமானம், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் வழியில்லை. நாற்காலியில் பாதி காலி.

பாதியிலேயே போனவர்களில் ஒருவர் வீட்டிலேயே சோப்பு தயாரிக்கிற பெண். அவளைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தியாவுக்கும் மொரிசியஸுக்கும் உள்ள வர்த்தக ஒப்பந்தம் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது, இந்தியா ஓர் ஆப்பிரிக்க நாட்டோடு போட்ட முதல் வர்த்தக ஒப்பந்தம் என்று அப்போது எல்லா மேடையிலும் முழங்கினார்கள். இங்கிருந்து போகும் 615 பொருள்களுக்கு அதில் வரிச் சலுகை. பிஸ்கட் உண்டு, பழரசம் உண்டு, சோப்பும் உண்டு. சரி, அந்தச் சலுகையை எப்படி வாங்குவது? அவளுடைய சென்னை வியாபாரி, எண்ணெய் எங்கே வாங்குகிறாய், எவ்வளவு சேர்க்கிறாய், என்ன செலவு என்று துருவித் துருவிக் கேட்கிறாராம். பக்குவத்தைத் திருடப் பார்க்கிறான் என்று இவள் பதிலே போடாமல் இருந்திருக்கிறாள். விஷயம் அதுவல்ல. 2020 செப்டம்பரிலிருந்து இந்தியாவில், சலுகை வரியில் இறக்குமதி செய்கிறவர் இது எந்த நாட்டுச் சரக்கு என்ற சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது, சரக்கு எங்கே எப்படித் தயாரானது என்ற விவரமும் அவர் கையில் இருக்க வேண்டும். அந்தச் சென்னை வியாபாரி அதைத்தான் கேட்டிருக்கிறார். இது எனக்கே மூன்றரை மணிக்கு மேல்தான் தெரிந்தது, அதற்குள் அவள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பிவிட்டாள். ஒரு தாளில் 3401.11 என்று சோப்பின் சுங்க எண்ணைப் பெரிதாக எழுதி, கீழே கேள்விகளை இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் எழுதி, தமிழில் கேட்டுச் சொல்லுங்கள் என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஓட்டலில் பஃபே சாப்பிட்டவர்களில் எத்தனை பேரிடம் இப்படி ஒரு தாள் இருந்தது?

இதில் வேடிக்கை என்னவென்றால் அவர்கள் வேறு, நாங்கள் வேறு என்றும் இல்லை. இந்த ஊரில் மூன்று சங்கம் இருந்தால் மூன்றிலும் அதே முகங்கள்தான், பேனர் மட்டும் மாறும். எங்கள் செயற்குழுவிலும் அவர்கள் செயற்குழுவிலும் இருக்கிற பெருமகன் ஒருவர் இரண்டு அழைப்பையும் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். ஒரே நாள், ஒரே ஆள் என்று அவர் கண்ணில் படவில்லையாம். அறுபத்தைந்து கிலோமீட்டர் நீளத் தீவு இது ஐயா, இங்கே ஒருவர் தும்மினால் மறுகரையில் கேட்கும்.

"பேச்சாளர் உங்கள் சொத்தா?" இல்லை. எங்கேயும் போய்ப் பேசட்டும். புதன் முழுக்க சும்மாதான் இருந்தார், நான்தான் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கேட்டிருந்தால் புதன்கிழமையைத் தட்டில் வைத்துக் கொடுத்திருப்பேன். கேட்கவில்லையே!

"கூட்டு நிகழ்ச்சியாக நடத்தியிருக்கலாமே" என்று ஒரு நல்லவர் உள்பெட்டியில் எழுதியிருந்தார். நடத்தினோமே, போன தடவை. எங்கள் பெயர் பேனரின் அடியில், தண்ணீர் பாட்டில் கொடுத்தவர்கள் பெயருக்கும் கீழே இருந்தது. போதும்.

"எழுத்துப்பூர்வமாக உறுதி செய்தீர்களா" என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, பொறுமையும் இல்லை.

கல்யாணமாகி நான் இங்கே வந்த புதிதில் என் மாமனார் கோயில் கமிட்டியில் இருந்தார். தைப்பூசக் காவடிக்கு ஊரிலிருந்து நாதஸ்வரக்காரர்களை வரவழைப்பது அவர் பொறுப்பு. கடிதம் போடுவதற்கு முன்னால் மற்றக் கோயில்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார், அதில் ஒருவரோடு அவருக்குப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தையே கிடையாது. அவருக்கும் போன் போகும். "நான்தான் பேசுறேன். மேளக்காரர் வர்றார். உங்களுக்கு எந்த நாள்?" நலம் விசாரிப்பெல்லாம் இல்லை, பதில் வந்ததும் டைரியில் எழுதிக்கொண்டு வைத்துவிடுவார். பகை பகையாகவே இருந்தது, ஆனால் ஒரு வருஷம்கூட மேளம் இல்லாமல் ஒரு கோயிலிலும் காவடி கிளம்பியதில்லை. அவர் மேலாண்மைப் படிப்பு எதுவும் படித்தவரில்லை.

"பெரிய ஏற்றுமதியாளர்கள் கேட்டால் நாட்டுக்கே லாபம், உங்கள் கூட்டத்துக்கு எத்தனை பேர் வரப் போகிறார்கள்" என்பதுதான் எனக்கு நிஜமாகவே வலித்த கேள்வி. பெரியவர்களுக்கு ஆலோசகர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், டில்லிக்குப் போய்வர ஆள் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு இருந்தது அந்த ஒன்றரை மணிக் கூட்டம்தான். தமிழில் விளக்கிச் சொல்லக்கூடிய ஒருவரைத் தேடிப் பிடித்ததே இதற்காகத்தான், பாதிப் பேருக்கு நான் கிரியோலில் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்தும். எபேனில் அவர் முழுக்க ஆங்கிலத்தில் பேசினாராம், ரொம்பப் பிரமாதமாம். நம் மொரிசியஸ் ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கிறது என்று மேடைக்கு மேடை நெஞ்சு நிமிர்த்துகிற அதே மனிதர்கள்தான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியது. தமிழில் நடக்கிற கூட்டம் என்றால் அது பொங்கல் விழாவாக மட்டும் இருக்க வேண்டும் போலிருக்கிறது, வியாபாரம் பேசினால் யாருக்கும் கணக்கில் வராது. நான் இந்த ஊர்ப் பெண் இல்லை என்பதையும் ஒருவர் ஞாபகப்படுத்தினார். நன்றி. என் இரண்டு பிள்ளைகளும் இங்கே பிறந்தவர்கள், அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மன்னிப்பெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை, வந்தாலும் அதை எங்கே வைப்பது?

சோப்புக்காரப் பெண்ணின் தாளைப் படமெடுத்து சென்னைப் பேச்சாளருக்கு அனுப்பியிருந்தேன், இன்று காலை நீளமான குரல் பதிவு ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன், வேறு யாருக்காவது அதே சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே கேட்கலாம். அப்புறம், அடுத்த மாதம் இரண்டாம் வியாழன் ஒன்றரைக்கு, அதே கூடத்தில், உள்ளூர் சரக்கு அனுப்புநர் ஒருவர் வந்து படிவங்களைப் பற்றிப் பேசுகிறார். தேதியையும் நேரத்தையும் மற்ற இரண்டு சங்கத்துச் செயலாளர்களுக்கும் காலையிலேயே அனுப்பிவிட்டேன், உங்களுக்கு அன்றைக்கு ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறேன். இரண்டு பேருமே பார்த்துவிட்டார்கள், நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.