உயரம் மட்டும் போதாது

‘உயரமான ஹாண்டிலைப் பூட்டினால் முதுகுவலி பறந்துவிடும், எந்த மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும்’ என்று தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு, இரண்டாவது ஆபத்தானதும்கூட.

ஹாண்டிலை நடுவில் இறுக்கும் இடத்தில் அதன் தடிப்பு சிலவற்றில் 22 மில்லிமீற்றர், சிலவற்றில் 28.6. முதலில் அதை அளந்து பாருங்கள். உயரம் கூடினால் கிளச் வயரும் பிரேக் குழாயும் இழுபடும். பூட்டியதும் நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். எஞ்சின் தானாக உறுமினால் அக்சிலேட்டர் வயர் இழுபடுகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் தயவுசெய்து முறிகண்டிப் பக்கம் ஏ9 வீதியில் ஏறாதீர்கள்.

நிமிர்ந்து உட்கார்ந்தால் மணிக்கட்டுப் பாரம் குறையும், உண்மைதான். ஆனால் குன்றும் குழியுமான கிரவல் ஒழுங்கையில் அடி முழுவதும் முள்ளந்தண்டில் இறங்கும். உயரத்தைவிட, பிடி எவ்வளவு பின்னுக்கு வருகிறது என்று பாருங்கள். முழங்கை சற்று மடிந்திருக்க வேண்டும்.