சர்வ சுதந்திர பாத்தியம்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரம். பெரியப்பா மகள் பெங்களூரில் தனியாக வீடு எடுத்துத் தங்கப்போகிறாள் என்று பேச்சு வந்தது. "சுதந்திரம் கிதந்திரம் எல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு. நமக்குக் குடும்பம்தான்" என்றார் மாமா. எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை, பாயசம் அப்படி.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. வெள்ளைக்காரனுடைய 'ஃப்ரீ'யும் 'ஃப்ரெண்டு'ம் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். வேரின் பொருள் அன்பு. வீட்டில் அடிமையாக இல்லாமல் உறவாக இருப்பவன்தான் அந்தக் காலத்து ஃப்ரீ. அவன் சொல்லுக்குள்ளும் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது!

இன்னும் பின்னால் போனால், இன்றைய ஈராக்கில் வாழ்ந்த சுமேரியர்கள் விடுதலைக்கு வைத்திருந்த சொல் 'அமகி'. நேர்ப்பொருள், தாயிடம் திரும்புவது. சுமார் 4,400 ஆண்டுகளுக்கு முன் லகாஷ் நகரத்து மன்னன் என்மெதேனா கடன்களைத் தள்ளுபடி செய்து, பிள்ளையைத் தாயிடமும் தாயைப் பிள்ளையிடமும் சேர்த்தேன் என்று பொறித்து வைத்தான். கடனுக்காக அடிமைப்பட்டவர்கள் வீடு வந்து சேர்வதுதான் அவர்களுக்கு விடுதலை.

சரி, கிழக்கே? சுதந்திரம் பற்றி ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எழுதிய நூலை 1872-இல் ஜப்பானியத்தில் கொண்டுவந்தார் நகமுரா மசனாவோ. சுதந்திரத்துக்கு அவர் எடுத்தாண்ட 'ஜியூ' என்ற சொல்லில் 'தன்னிஷ்டத்துக்கு ஆடுவது' என்ற வாடையும் இருந்தது. அதே நூலைச் சீனத்தில் மொழிபெயர்த்த யான் ஃபூ 1903-இல் தலைப்பையே மாற்றி, கூட்டத்துக்கும் தனியாளுக்கும் நடுவே உள்ள எல்லை என்று வைத்தார். மாமாவுக்கு இது பிடிக்கும். ஆனால் எல்லை என்று ஒன்று போட்டுவிட்டால் கூட்டமும் அதைத் தாண்டி வரக்கூடாதே.

நம் கதை இன்னும் வேடிக்கை. 'விடு' என்பதிலிருந்து வந்த வீடுதான் நமக்குக் குடியிருக்கும் இடமும், அறம் பொருள் இன்பத்துக்கு அடுத்த விடுதலையும். சுதந்திரம் என்றால் ஒரு காலத்தில் களத்து மேட்டில் ஊர்த்தொழிலாளிக்கு அளந்து கொடுத்த நெல். தமிழ் பைபிளில் 'பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்' என்றால் உரிமைச் சொத்தாக அடைவார்கள் என்று அர்த்தம். ஆக, நம்மிடம் இது வெறும் எண்ணமாக இல்லை. கையில் வாங்கும் பங்காக இருந்திருக்கிறது. அதில் பெண்ணுக்கு எத்தனை மரக்கால் என்பதுதான் பந்தியில் யாரும் பேசாத கணக்கு.

மாமா சமீபத்தில் வாங்கிய மனையின் பத்திர நகலை நான்தான் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தேன். 'சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்ற வரி அதில் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார்.