துணிக்கடைப் பெண் உட்கார்ந்திருந்தால் புகார் சொல்லாதீர்கள்

பண்டிகைக்குத் துணி எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் விற்பனைப் பெண் யாராவது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால், அதை மேனேஜரிடம் புகாராகக் கொண்டு போகாதீர்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் ஜவுளிக்கடை ஒன்றில் மதிய நேரம், கூட்டமே இல்லை. சுடிதார் பிரிவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்த அம்மா ஒருவர் ஃப்ளோர் சூப்பர்வைசரிடம், "கஸ்டமர் வர்றோம், இது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கு" என்றார். 'இது' என்றுதான் சொன்னார். அந்தப் பெண் துள்ளி எழுந்து நின்றார். நாங்கள் கிளம்பும் வரை அவர் மறுபடி உட்காரவில்லை.

அந்தப் பெண் உட்கார்ந்தது கடை முதலாளி போட்ட பிச்சை இல்லை. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது அந்தத் திருத்தம். கேரளத்தில் 2018-லேயே இது வந்துவிட்டது. அங்கே அது சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கி, கடைப் பெண்களைத் திரட்டி வருடக்கணக்கில் போராடினார். அவர்களுடைய முதல் கோரிக்கை நாற்காலிகூட இல்லை, கழிப்பறை. கழிப்பறை இல்லாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்த பெண்கள் அவர்கள்.

சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகியும் நம் ஊரில் பாதிக் கடைகளில் ஸ்டூலையே காணோம். இருக்கிற இடங்களிலும் அதில் உட்காரப் பயப்படுகிறார்கள். முதலாளிகளிடம் கேட்டால், 'உட்கார்ந்திருந்தால் கஸ்டமர் மதிக்கவில்லை என்று நினைப்பார்கள்' என்கிறார்கள். பழி நம் மேல்தான் வருகிறது. அதில் உண்மையும் இருக்கிறது என்பதுதான் எனக்கு வலிக்கிறது. மணிக்கணக்கில் நின்றால் கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும். நம் வீட்டுப் பெண் அப்படி வந்து நின்றால் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறோம். கடையில் நிற்கிற பெண்ணுக்கும் அதே கால்தானே? "நீங்க உட்காருங்க, நான் பார்த்துட்டுக் கூப்பிடறேன்" என்று சொல்ல நமக்கு என்ன செலவு?

அப்புறம் புடவை கவுன்டர். பத்துப் புடவை பார்ப்பதில் ஒரு தப்பும் இல்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து எடுப்பவர்கள் முந்தியை விரித்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் பட்ஜெட் என்ன, யாருக்கு, என்ன நிறம் என்று எதையுமே சொல்லாமல் "வேற காட்டு, வேற காட்டு" என்று மேல் அடுக்கு வரை இறக்க வைப்பது அநியாயம். விரித்த பட்டைப் பழைய மடிப்பு மாறாமல் மடித்து, பெட்டியில் வைத்து, அதே இடத்தில் சேர்க்கிற வேலை நாம் போன பிறகுதான் ஆரம்பிக்கிறது. வாங்குகிற எண்ணம் இல்லையென்றால் "சும்மா பார்க்க வந்தோம்" என்று முதலிலேயே சொல்லிவிடலாம். யாரும் கோபப்பட மாட்டார்கள்.

'காசு கொடுக்கிறோம் இல்லையா' என்று ஒரு வாதம் எப்போதும் வரும். சரி, கொடுக்கிறோம். துணிக்குக் கொடுக்கிறோம். அந்தக் காசில் சொடுக்குப் போட்டுக் கூப்பிடுகிற உரிமையும், அம்மா வயதுள்ளவரை "ஏய், இங்க வா" என்கிற உரிமையும் சேர்த்தி இல்லை. நம் வீட்டு மூன்று வயதுக் குழந்தையைக்கூட அவர்கள் 'வாங்க' என்கிறார்கள். நம் வாயில் ஒரு 'தம்பி', ஒரு 'அக்கா' வர ஏன் இவ்வளவு கஷ்டம்?

விலையை ஒட்டியது அவர்கள் இல்லை. தள்ளுபடி முடிந்ததற்கும், வாங்கியதைத் திரும்ப எடுக்க மறுப்பதற்கும் அவர்கள் காரணம் இல்லை. சண்டை போட வேண்டுமென்றால் நேராக மேனேஜரிடம் போய்ப் போடுங்கள், நியாயமான சண்டையாக இருந்தால் நானும் கூட நிற்கிறேன். ஊழியரே மரியாதைக் குறைவாகப் பேசினாலும் நடந்ததை மட்டும் சொல்லிப் புகார் கொடுங்கள். "உன் வேலையைக் காலி பண்ணிடுவேன்" என்கிற பேச்சு மட்டும் வேண்டாம்.

சூப்பர் மார்க்கெட் பில்லிங்கிலும் இதே கதைதான். கல்லாவில் பணம் குறைந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர் சம்பளத்தில் பிடிக்கிற கடைகள் இருக்கின்றன. அதனால்தான் நோட்டை இரண்டு முறை எண்ணுகிறார்கள். பின்னால் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டினால் தப்பு வரும், நஷ்டம் அவருக்கு.

கடை மூடுகிற நேரத்தில் குடும்பத்தோடு நுழைவதையும் கொஞ்சம் யோசியுங்கள். ஷட்டர் இறங்கிய பிறகும் மடிப்பது, அடுக்குவது, கணக்குப் பார்ப்பது என்று அவர்களுக்கு வேலை இருக்கிறது. தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வந்து கடை விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகுதான் ராத்திரிச் சாப்பாடு. மற்றவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நிறைய ஜவுளிக்கடைகளில் துணி காட்டியவரின் எண்ணைச் சீட்டில் போடுவார்கள், அவருக்கு வரும் சின்ன ஊக்கத்தொகை அதை வைத்துத்தான். ஒருவரிடம் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, அவர் வேறு புடவை எடுக்கப் போன நேரத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் சீட்டுப் போடச் சொன்னால் அந்தக் காசு கை மாறிப் போய்விடும். பில் போடும்போது "எங்களுக்குக் காட்டினவங்க நம்பர் இதுதானா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.