அடிமை ஓலையும் அட்வான்ஸ் நோட்டும்

பெரியபுராணத்தில் சுந்தரர் கல்யாணத்தை ஒரு முதியவர் வந்து நிறுத்துவாரே, அந்த இடத்தைப் பக்தியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு வெறும் வழக்காகப் படித்துப் பாருங்கள். 'இவன் எனக்கு அடிமை, பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது' என்கிறார் அவர். அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவது எங்கே உண்டு என்று கேட்கிறார் சுந்தரர். மனுசன் மனுசனுக்கு அடிமையாகலாமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. திருவெண்ணெய்நல்லூர் சபை ஆட்சி (அனுபவ வழக்கம்), ஆவணம் (எழுத்து), அயலார் காட்சி (பிறர் சாட்சி) மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறது. பாட்டனின் வேறொரு கையெழுத்தைக் கொண்டுவந்து ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போகிறது, வழக்கு முடிந்தது. சேக்கிழார் எழுதிய 12ஆம் நூற்றாண்டுக்கு அது நேர்மையான விசாரணை.

காலப்போக்கில் மனம் மாறி அடிமைமுறை ஒழிந்தது என்கிறோம். எந்த ஓலை செல்லும், எது செல்லாது என்பதில்தான் அந்த மாற்றத்தைத் தேட வேண்டும் என்பது என் கருத்து.

1833இல் பிரிட்டன் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது, அதுவும் எஜமானர்களுக்கு. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கு அந்தச் சட்டமே இல்லை. இங்கே வந்தது 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம். வரிபாக்கிக்காக அதிகாரிகள் ஆளை விற்கக் கூடாது, அடிமை உரிமையைக் கோர்ட் ஏற்காது, அடிமை சம்பாதித்த சொத்தைப் பறிக்க முடியாது, அவனை அடித்தாலும் மற்றவனை அடித்த அதே குற்றம். நான்கே பிரிவு. ஆளை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1862இல், இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான்.

ஓலை போனது, ஆளைக் கட்டிப்போடும் கடன் சீட்டு மிஞ்சியது. 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதன் அடிமடியிலேயே கைவைத்தது. கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரும் பொறுப்பே ரத்து. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். இந்தத் தலைகீழ் மாற்றத்தைத்தான் நான் மிகப் பெரியதாக நினைக்கிறேன்.

செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் இன்று அதிகாரிகள் கோட்டை விடுவது விசாரணையில்தான். அட்வான்ஸ் வாங்கினாயா, கையெழுத்துப் போட்டாயா என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த முன்பணத்துக்காகத் தொழிலாளர்கள் வேறு இடத்தில் வேலைக்குப் போக முடியாமல் இருந்தார்களா, நினைத்தபடி வெளியே போய்வர முடியாமல் இருந்தார்களா, கூலி இல்லாமலோ பேருக்கு ஏதோ கொடுத்தோ வேலை வாங்கினார்களா? இதில் ஒன்று இருந்தாலே போதும், எல்லாம் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. இவற்றைக் கேட்காமல் 'சம்பளத் தகராறு' என்று எழுதிவிட்டால், கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர் என்று காட்டும் விடுவிப்புச் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாவிட்டால் மறுவாழ்வுத் தொகையும் இல்லை, கடன் ரத்தானதற்குக் கையில் அத்தாட்சியும் இல்லை. அதே அட்வான்ஸைச் சொல்லி அதே குடும்பத்தைத் திரும்பக் கூட்டிப்போக வண்டி வரும்.