ஹேண்ட்பிரேக் இழுத்தால் மட்டும் ட்ரிஃப்ட் ஆகாது

தம்பி, "எந்தக் காராக இருந்தாலும் ஓட ஓட ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடி, ட்ரிஃப்ட் தானா வரும், டொயோட்டா விட்ஸிலயும் வரும்" எண்டு மேல எழுதியிருக்கீங்க. பாதிதான் சரி. ட்ரிஃப்ட் எண்டா வளைவில பின் சில்லு வழுக்க வழுக்கக் காரைக் கட்டுப்பாட்டில வைச்சு ஓட்டிறது.

லீவர் வைச்ச ஹேண்ட்பிரேக் அனேகமா பின் சில்லு ரெண்டையும்தான் பிடிக்கும். பின் டயர் பூட்டுப்பட்டுப் பிடி விட, வால் வெளிய வீசும். அது தொடக்கம் மட்டும். பிறகு வழுக்கலைத் தாங்கிறது பின் சில்லுக்குப் போற எஞ்சின் வலுவும், வழுக்கிற பக்கமே திருப்பிப் பிடிக்கிற ஸ்டியரிங்கும். இங்க ஓடுற விட்ஸ், ஆல்டோ எல்லாம் அனேகமா முன் சில்லு இழுக்கிறது. பிரேக்கை விட்டதும் முன்பக்கம் காரை நேராக்கிப்போடும். விடாமப் பிடிச்சா வேகம் செத்து நிக்கும். மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரைப் பக்கம் மணல் படிஞ்ச ரோட்டில என்ர மச்சான் செய்து பாத்தவன். கார் அரை வட்டம் சுத்தி, குறுக்கால நிண்டு, எஞ்சினும் ஓஃப். கிளச் மிதிக்கேல்லை, அதான்.

பின் சில்லு இழுக்கிற மேனுவல் காரில எண்டா வளைவுக்குள்ள கிளச்சை மிதிச்சு, லீவர் பட்டனை அமத்தினபடியே (இல்லாட்டி லீவர் உள்ளுக்க இருக்கிற பல்லில மாட்டி, விடுபடாம நிக்கும்) ஒரு வெட்டு இழுத்து விட்டு, கிளச்சை விட்டு அக்சிலேட்டர் குடுக்கோணும். இழுவை ஒரு செக்கன்கூட வராது. ஹேண்ட்பிரேக்கைத் தொடாமலே கிளச்சை டக்கெண்டு மிதிச்சு விட்டும், காரை ஒருக்கா மறுபக்கம் ஆட்டித் திருப்பியும் தொடங்கலாம்.

போட்டிக் காரில நிமிர்ந்து நிக்கிற நீட்டுத் தடி ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக், எண்ணெய் அழுத்தத்தில வேலை செய்யும்; எங்கட கார் மாதிரி கேபிள் இல்ல. கால் மிதி பார்க்கிங் பிரேக் இருக்கிற டொயோட்டா ப்ரியஸில இந்த விளையாட்டை நினைக்கவே வேணாம்.