ஆறு சுவிட்சும் ஒரு கண்டுபிடிப்பாளனும்

(ஞாயிற்றுக்கிழமை மாலை. அக்கா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருக்கிறாள். தம்பி கையில் ஒரு நோட்டு. அவன் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தானும் நான்காவது பொத்தானும் இல்லை, அதை அவன் கவனித்த மாதிரி தெரியவில்லை. இருட்டிவிட்டதால் எழுந்து போய் விளக்கைப் போடுகிறான். மின்விசிறி சுற்றுகிறது. அடுத்ததைத் தட்டுகிறான். வாசல் விளக்கு எரிகிறது. ஒரே வரிசையில் ஒரே மாதிரி ஆறு சுவிட்ச், இதில் ஆறாவது எதற்கென்று வீட்டைக் கட்டியவருக்கே தெரியாது.)

தம்பி: அக்கா, துணியைக் கொஞ்சம் கீழே வை. பதினாலு யோசனை எழுதி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் வீட்டையே மாற்றிவிடும்.

அக்கா: வீட்டை மாற்ற வேண்டாம். விளக்கைப் போடு, போதும்.

தம்பி: போடத்தானே பார்க்கிறேன்... (மறுபடியும் மின்விசிறி.) சரி, விளக்கு அப்புறம். முதல் யோசனை, அழும் குடை. குடையை எங்கேயாவது மறந்து வைத்துவிட்டு நாம் பத்தடி நகர்ந்தால் போதும், அது கைக்குழந்தை மாதிரி வீரிட்டு அழும்.

அக்கா: ஆறு பேர் ஒன்றாக மறந்துவிட்டுப் போனால்?

தம்பி: அவரவர் குடைக்கு அவரவர் குரல்.

அக்கா: சார்ஜ் போட வேண்டுமா?

தம்பி: வாரத்துக்கு ஒருமுறை.

அக்கா: மழை பெய்கிற நாளிலேயே குடையை மறக்கிறவன், மழை இல்லாத நாளில் ஞாபகமாக அதற்குச் சார்ஜ் போடுவானா? அடுத்தது சொல்லு.

தம்பி: ஓடும் கடிகாரம். அலாரம் அடித்ததும் மேசையிலிருந்து குதித்து உருண்டு ஓடிவிடும், துரத்திப் பிடித்தால்தான் அதன் வாயை அடைக்க முடியும்.

அக்கா: இது நீ கண்டுபிடித்ததா?

தம்பி: (குரல் இறங்குகிறது) அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த கௌரி நந்தா. அதற்கு க்ளாக்கி என்று பெயர், இரண்டு பக்கமும் சக்கரம். 2005-இல் இக் நோபல் பரிசுகூடக் கொடுத்தார்கள், முதலில் சிரிக்கவும் அப்புறம் யோசிக்கவும் வைக்கிற வேலைகளுக்குத் தருவார்களே, அது. எந்தத் துறைக்கு என்று நினைக்கிறாய்? பொருளாதாரம்! எல்லோரும் எழுந்து தொலைப்பதால் நாட்டில் வேலை நேரம் கூடுமாம். என்னுடையது அதற்கும் ஒரு படி மேலே, நேராகக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

அக்கா: நம் கட்டிலுக்கு அடியில் நீ என்றைக்காவது பெருக்கியிருந்தால் இப்படிப் பேச மாட்டாய். போன மாதம் உள்ளே போன ஒற்றைச் செருப்பே இன்னும் திரும்பி வரவில்லை.

தம்பி: பெருக்குவது என்றதும் ஞாபகம் வருகிறது, மூன்றாவது யோசனை அதுதான். தவழும் குழந்தைக்குத் துடைப்பத் துணியால் சட்டை. குழந்தை தவழத் தவழத் தரை சுத்தமாகும்.

அக்கா: இந்த வீட்டில் தவழுகிற வயதில் யாரடா இருக்கிறார்கள்? உனக்கே தைத்துத் தரட்டுமா?

தம்பி: கிண்டல் பண்ணாதே. இதுவும் ஏற்கெனவே இருக்கிறது, ஜப்பானில் கென்ஜி கவகாமி என்பவர் இதற்கென்றே ஒரு கலையை உண்டாக்கி சிந்தோகு என்று பெயர் வைத்தார். ஒரு பிரச்சினையைத் தீர்க்கிற மாதிரி இருக்கும், ஆனால் அதைப் பயன்படுத்த வெட்கமாக இருக்கும், அந்த மாதிரிப் பொருள்கள். நூடுல்ஸை ஆற வைக்கக் குச்சியிலேயே குட்டி விசிறி, பசைக் குச்சி மாதிரி திருகித் தேய்க்கிற வெண்ணெய். பத்து விதிகள் உண்டு. விற்கக் கூடாது, காப்புரிமை வாங்கக் கூடாது, உண்மையில் பயன்படவும் கூடாது.

அக்கா: அப்படியானால் நீ எப்போதோ அதில் சேர்ந்துவிட்டாய்.

தம்பி: சிரி, நன்றாகச் சிரி. குச்சி முனையில் கேமராவை மாட்டித் தன்னைத்தானே படம் எடுக்கிற கருவியை 1995-இல் அந்தக் கோமாளிப் பொருள்களோடு சேர்த்துப் போட்டு உலகமே சிரித்தது. இருபது வருஷம் கழித்து எல்லோர் கையிலும் செல்ஃபி குச்சி. நீயும் ஒன்று வைத்திருக்கிறாய்.

அக்கா: அதை நான் பரணில் இருக்கிற டப்பாவைத் தள்ளி விழ வைக்கத்தான் வைத்திருக்கிறேன். சரி, ஒன்று தேறிவிட்டது. மற்றதெல்லாம்?

தம்பி: எல்லாம் பயன்பட்டே ஆக வேண்டும் என்று ஏன் பிடிவாதம் பிடிக்கிறாய்? ஃபிலிப் ஸ்டார்க் என்று ஒரு பிரெஞ்சு வடிவமைப்பாளர், 1990-இல் அலெஸ்ஸி நிறுவனத்துக்காக எலுமிச்சை பிழிகிற கருவி ஒன்று செய்தார். மூன்று நீளக் கால், மேலே கூர்மையாக ஒரு தலை, ஏதோ வேற்றுக் கிரகத்துச் சிலந்தி வந்து நிற்கிற மாதிரி இருக்கும். அதில் தங்க முலாம் பூசினதும் வந்தது.

அக்கா: தங்கத்தில் பிழிந்தால் சாறு கூடுதலாக வருமா?

தம்பி: அதில் பிழியக் கூடாது.

அக்கா: எதை?

தம்பி: எலுமிச்சையை. அமிலம் பட்டால் முலாம் கெட்டுவிடும்.

அக்கா: (மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு) எலுமிச்சை படக் கூடாத எலுமிச்சை பிழிகிற கருவி.

தம்பி: அது வந்து... பார்க்கிறவர்கள் பேசிக்கொள்வதற்காக.

அக்கா: பேசியாயிற்று. அடுத்தது.

தம்பி: நீ இப்படி நசுக்கினால் எந்த மேதையும் தேற மாட்டான். ஜேம்ஸ் டைசன் பை இல்லாத வேக்யூம் கிளீனருக்கு 5,127 மாதிரிகள் செய்தார், தெரியுமா? 5,126 தோற்றுப் போனது. நான் இப்போதுதான் ஏழாவதில் இருக்கிறேன்.

அக்கா: மீதி 5,120-ஐ எங்கே வைப்பாய்? கட்டிலுக்கு அடியில் இடமில்லை. ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் சொல்லு. உன் பதினாலு யோசனையில் ஏதாவது ஒன்று, யாராவது அவஸ்தைப்படுவதைப் பார்த்துத் தோன்றியதா?

தம்பி: (பக்கங்களைப் புரட்டுகிறான். நிறையப் புரட்டுகிறான்.) மற்றவர்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஜோசஃப் ஃப்ரீட்மன் கதை உனக்குப் பிடிக்கும். கடையில் அவருடைய சின்ன மகள் உயரமான கோப்பையில் நேரான ஸ்ட்ராவைப் போட்டுக்கொண்டு எட்டாமல் திண்டாடியதைப் பார்த்தார். ஸ்ட்ராவுக்குள் ஒரு திருகாணியைச் செருகி, பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற நூலை அதன் மேல் இறுக்கிச் சுற்றி, மரை பதிந்ததும் திருகாணியை வெளியே எடுத்தார். ஸ்ட்ரா மடிந்தது. 1937-இல் காப்புரிமை. நல்ல வடிவமைப்பாளன் புதிதாக எதையும் வாங்க மாட்டான் அக்கா, கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்வான்!

அக்கா: (திடீரென்று மிகவும் கவனமாக) இதை இன்னொரு தடவை சொல்லு.

தம்பி: கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்வான்.

அக்கா: சரி. இதை மறக்காதே.

தம்பி: அதே மாதிரிதான் ஆக்ஸோ நிறுவனத்தின் பீலரும். அதை ஆரம்பித்த சாம் ஃபார்பரின் மனைவிக்கு மூட்டுவலி, தோல் சீவுகிற கத்தியைப் பிடிக்க முடியவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் 1990-இல் தடித்த ரப்பர் பிடி வைத்துக் கொண்டுவந்தார்கள். வலி இல்லாதவர்களும் அதைத்தான் வாங்கினார்கள்.

அக்கா: அவர் சமையலறைக்குள் போயிருக்கிறார். நீ கடைசியாக எப்போது போனாய்?

தம்பி: பேச்சை மாற்றாதே. ஒன்பதாவது யோசனை நமக்காகவே எழுதியது. பேசும் சுவிட்ச் பலகை! "விளக்கு" என்றால் விளக்கு எரியும், "விசிறி" என்றால் விசிறி.

அக்கா: தொண்டை கட்டிக்கொண்டால் இருட்டில் உட்கார்ந்திருப்போமா? தொலைக்காட்சியில் யாராவது "விளக்கு" என்று சொன்னால்?

தம்பி: டொனால்ட் நார்மன் என்று ஒரு வடிவமைப்பு அறிஞர் 1988-லேயே இந்தச் சுவிட்ச் வரிசையை வைத்து எழுதிவிட்டார். கை தடுமாறினால் தப்பு மனுஷனுடையது இல்லை, பலகையுடையது. அவர் அறையின் வரைபடத்தின் மேலேயே சுவிட்சுகளைப் பதித்தார், எங்கே விளக்கோ அங்கே சுவிட்ச்.

அக்கா: பெரிய மனுஷர். நானும் அதைத்தான் செய்தேன், ஆனால் வரைபடம் போடத் தெரியாது. சமையலறைக்குப் போய்ப் பார், விளக்கைப் போடாமலே.

(தம்பி போகிறான். பாத்திரம் ஒன்று விழுகிற சத்தம். ஒரு நிமிடம் அமைதி. பிறகு விளக்கு எரிகிறது, முதல் தட்டிலேயே.)

தம்பி: (உள்ளேயிருந்து) அக்கா! சுவிட்ச் மேல் ஏதோ ஒட்டியிருக்கிறது! பெரிதாக இருப்பது விளக்கு, சின்னது எக்ஸாஸ்ட் ஃபேன், ஒன்றும் ஒட்டாதது மிக்ஸி, கண்ணை மூடிக்கொண்டே போடலாம்! எப்போது செய்தாய்?

அக்கா: மூன்று மாதமாக இருக்கிறது. நீ உள்ளே வந்தால்தானே தெரியும்.

தம்பி: இதைத்தான் நார்மன்... இரு, இதை முதல் பக்கத்திலேயே எழுதுகிறேன். (மெதுவாக) அக்கா, இதெல்லாம் பொத்தான்.

அக்கா: ஆமாம்.

தம்பி: (தன் சட்டையைக் குனிந்து பார்க்கிறான், முதல்முறையாக.) என்னுடையது.

அக்கா: கைக்கு எட்டியது.

தம்பி: (நெஞ்சைக் கையால் மூடிக்கொண்டு திரும்பி வருகிறான்.) இப்படியே மூன்று மாதம் வெளியே போய் வந்திருக்கிறேனா? சரி, போகட்டும். இந்தக் கூடத்துப் பலகையை ஏன் விட்டுவைத்தாய்?

அக்கா: இங்கே ஆறு வேண்டும். உன் நீலச் சட்டையை இப்போதுதான் மடித்து மேலே வைத்திருக்கிறேன்.